லப்பைக்குடிகாட்டுக்கு ஒரு கேமரா

வளைகுடாவிலிருந்து லீவில் ஊருக்குப் போகிறவனின் பெட்டியில் பாதி இடம் அவனுக்குச் சொந்தமில்லை. தைலப் புட்டி, பால்பவுடர் டின், பேரீச்சம்பழம், யாருடைய தங்கச்சிக்கோ சேலை என்று அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு பொட்டலத்தைச் செருகிவிடுவார்கள். 2004இல் நான் ஷார்ஜாவிலிருந்து கிளம்பியபோது அறைத் தோழர் சாகுல் செருகியது ஒரு டிஜிட்டல் கேமரா. அதுவும் என் பெட்டியில். டிஜிட்டல் என்றாலே முகம் சுளிப்பவன் என்று அந்தக் கட்டடத்துக்கே தெரிந்த என் பெட்டியில்.

எனக்குப் போட்டோ பித்து பிடித்தது நாகர்கோவிலில், கல்லூரியில் படித்த காலத்தில். வீட்டில் விறகு போடும் அறையின் ஜன்னலைக் கறுப்புத் துணியால் அடைத்து, ஒரு சிவப்பு பல்பை மாட்டி, நானே பிலிம் கழுவினேன், நானே பிரிண்ட் போட்டேன். மருந்துத் தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதலில் புருவம், பிறகு கண், பிறகு உதடு என்று ஒரு முகம் மெல்ல மேலே வந்ததைப் பார்த்த அன்றே என் கதை முடிந்தது. ஷார்ஜாவுக்குக் கணக்கெழுதப் போன பிறகும் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் குளியலறையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுவேன். வெளியே துண்டோடு நிற்கிறவர்கள், "உள்ள என்ன பிரசவமா நடக்குது?" என்று கதவைத் தட்டுவார்கள்.

அப்போதெல்லாம் எனக்குப் பரிந்து பேசியவர் சாகுல்தான். அவர் ஒரு கலர் லேபில் பிரிண்ட் மெஷின் ஓட்டுபவர். ஊர் பெரம்பலூர் பக்கத்தில் லப்பைக்குடிகாடு. காலை முதல் இரவு வரை யார் யாருடைய கல்யாணமும் பிறந்தநாளும் அவர் கையால் அச்சாகி வெளியே வரும். ஆனால் அவர் பர்ஸில் இருந்தது மகள் பர்வீனின் ஒரு சின்னப் படம் மட்டும். மனைவி ரஹிமாவின் படம் ஒன்றுகூட இல்லை. நான்கு வருஷமாக அவர் ஊருக்குப் போகவில்லை. ஒரு படம் அனுப்பச் சொல்லக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"மெஷின்ல ஓடுற ஒவ்வொரு படமும் என் கண்ணு முன்னாடிதான் சார் போவுது. கலர் சரியா வரணும்னா மொவத்தை உத்துப் பார்த்துத்தான் ஆவணும். தோல் நெறம் சரியா விழுந்தாத்தான் மத்தது சரியா வரும். ஊர்ல எம் பொண்டாட்டி மொவத்தை இன்னொருத்தன் அப்படி உத்துப் பார்த்துக் கலர் போட வேணாம்" என்றார்.

முந்தின வருஷம் ஊருக்குப் போன ஒருவரிடம் மனைவிக்கு ஊதா நிறத்தில் ஒரு சேலை கொடுத்தனுப்பியிருந்தார். பெருநாளைக்குக் கட்டிக்கொண்டதாக ரஹிமா போனில் சொன்னாராம். அந்தச் சேலையில் அவரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை சாகுலுக்குள் கிடந்து அரித்தது. டிஜிட்டல் கேமரா வந்ததும் வழி கிடைத்துவிட்டது. பிலிம் இல்லை, கழுவ இன்னொருவன் வேண்டாம்.

"நீங்க சொல்லிக் குடுங்க சார், அவங்களே எடுத்துக்கட்டும். கார்டை மட்டும் கவர்ல போட்டு ஒட்டி எங்கிட்ட கொண்டாந்து குடுங்க. நீங்களும் பார்க்க வேணாம். தப்பா நெனைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை என்றேன். கொஞ்சம் நினைத்தேன்.

எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது. சென்னைக்கு ரயிலில் போகும்போதெல்லாம் அரியலூர் அருகே சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைச் சுவர் அடுக்கடுக்காக இறங்கும். அதைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும் என்பது பல வருஷக் கனவு. பழைய பிலிம் கேமராவையும் சில ரோல்களையும் மூன்று கால் ஸ்டாண்டையும் எடுத்துக்கொண்டேன். நாகர்கோவிலில் வீட்டைப் பார்த்து முடித்து, திரும்பும் வழியில் பெரம்பலூரில் இறங்கினேன்.

முதல் நாள் முழுக்கப் பெரம்பலூர் வெயிலைத்தான் பார்த்தேன். எங்கள் ஊரில் கண் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தென்னையிலோ மலையிலோ முட்டி நின்றுவிடும். இங்கே தடுக்க ஒன்றுமில்லை. பருத்தியும் மக்காச்சோளமும் மானாவாரியாகக் கிடக்க, பார்வை தானே களைத்துத்தான் திரும்புகிறது. வெளிச்சம் மட்டும் அபாரம். மதியம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பரோட்டா சாப்பிட்டேன். கேட்காமலே சால்னாவை மேலே மேலே ஊற்றினார்கள். எங்கள் ஊரில் பரோட்டா தட்டில் இருக்கும், சால்னா கிண்ணத்தில் இருக்கும். இங்கே இரண்டும் பிரித்துச் சொல்ல முடியாதபடி ஒன்றாகிவிட்டன. நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை லப்பைக்குடிகாட்டுக்கு பஸ் ஏறினேன். பாதி வழியில் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கி ஒரு வேப்ப மர நிழலில் நின்றோம். என் தோளில் இருந்த ஸ்டாண்டையே ஒரு விவசாயி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிமெண்ட் கம்பெனியிலேருந்து வர்றீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அளக்கத்தானே வந்திருக்கீங்க? யார் காடுன்னு சொல்லிட்டீங்கன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்ல."

மூன்று கால் ஸ்டாண்டோடு இந்தப் பக்கம் வருகிறவன் நிலம் அளக்கத்தான் வருவான் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பையைத் திறந்து கேமராவைக் காட்டினேன். அவர் முகம் சட்டென்று தெளிந்தது. சட்டைப் பித்தானை மேல்வரை போட்டுக்கொண்டு, "அப்ப என்னைய ஒண்ணு எடுங்க" என்று மரத்தோடு ஒட்டி விறைப்பாக நின்றார். எடுத்தேன். எப்போது கிடைக்கும் என்று கேட்டார். கழுவி அனுப்புகிறேன் என்று விலாசம் வாங்கிக்கொண்டேன். கழுவாமல் கைக்கு வருவதெல்லாம் ஒரு படமா என்று எனக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

லப்பைக்குடிகாட்டில் ரஹிமாவின் தம்பி நஜீர் மொபெட்டோடு காத்திருந்தார். மளிகைக் கடை வைத்திருக்கிறார். தெரு நெடுக மொசைக் போட்ட மாடி வீடுகள், வாசலில் பெரிய இரும்புக் கேட்டுகள். ஆனால் வாலிபர்கள் குறைவு. "எல்லாம் உங்க பக்கம்தான் சார் இருக்காங்க" என்று நஜீர் சொன்னார். என் பக்கம் என்று அவர் சொன்னது ஷார்ஜாவை. சொந்த நாட்டுக்கு வந்தும் நான் வெளிநாட்டு ஆள்தான்.

வீட்டில் முதலில் சாப்பாடு. தேங்காய்ச் சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் கறிக்குழம்பும். நஜீரின் அம்மா வைத்துக்கொண்டே இருந்தார். "சாகுலும் இப்படித்தான் போதும் போதும்பாரு, அப்புறம் சாப்புடுவாரு" என்றார். அந்த நியாயத்தில் எனக்கும் மூன்றாவது தடவை விழுந்தது.

பிறகு பாடம். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவே பூப்போட்ட திரை தொங்கியது. இந்தப் பக்கம் நாற்காலியில் நான். அந்தப் பக்கம் ரஹிமா. நடுவில் பர்வீன் கேமராவை வாங்கிக்கொண்டு போவதும் கொண்டுவருவதுமாக இருந்தாள்.

"அண்ணே, இந்த மேல இருக்குற பட்டன்தானே?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆமாம்மா. பாதி அமுக்கிக் கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் முழுசா அமுக்கணும்."

என் பிடிவாதங்களை எல்லாம் அந்தக் கேமராவுக்குள் ஏற்கெனவே ஏற்றியிருந்தேன். பிளாஷ் போட்டால் முகம் வெள்ளையடித்த சுவராகிவிடும் என்று அதை அணைத்துவிட்டேன். பின்பக்கத் திரையைப் பார்த்து எடுப்பது எனக்குப் பிடிக்காது. பேட்டரியும் தீர்ந்துவிடும். அதையும் அணைத்து, மேலே இருக்கும் சின்னத் துவாரம் வழியாகப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து இருக்க வேண்டுமென்றால் கேமராவை எங்காவது வைத்துவிட்டுத் தானே எடுக்கவைப்பது எப்படி என்றும் சொல்லிக்கொடுத்தேன். சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரியும், அது நிற்பதற்குள் ஓடிப்போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். இத்தனை வருஷத்தில் இடையில் பேசாமல் நான் சொல்வதைக் கேட்ட ஆள் அந்தத் திரைக்குப் பின்னால்தான் கிடைத்தார். பிலிமுக்கு வெளிச்சம்தான் எமன், ஒரு கோடு வெளிச்சம் பட்டாலும் போச்சு, இருட்டறை எப்படி இருக்க வேண்டும், கழுவக் கழுவ முகம் எப்படி மேலே வரும் என்றெல்லாம் தேநீர் ஆறும்வரை பேசினேன். "ஆமாண்ணே, அவுகளும் போன்ல இதைத்தான் சொல்லுவாக" என்று ரஹிமா சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அன்று இரவு நஜீரின் கடை மாடியில் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை நஜீர் ஒட்டிய கவர் ஒன்றைக் கொடுத்தார். உள்ளே கார்டு. ரஹிமா இரவே எல்லாம் எடுத்துவிட்டாராம். சட்டைப் பையில் வைத்துப் பித்தான் போட்டுக்கொண்டேன். என் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தது. மாலை வெயிலில் பள்ளத்தைப் படமெடுத்துவிட்டு அரியலூரில் ரயில் பிடிப்பது திட்டம். மறுநாள் இரவு சென்னையில் விமானம். இடம் காட்ட நஜீரும் வந்தார்.

ஆலத்தியூர் பக்கம் வந்ததும் பஸ் ஜன்னல் கம்பியெல்லாம் வெள்ளைத் தூள். எதிரே வரிசையாக லாரிகள். நஜீர் கூட்டிப்போன இடம் வேலை நின்றுபோன ஒரு பழைய பள்ளம். ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். பத்து ஆள் உயரத்துக்குச் சுவர், அடியில் பச்சைத் தண்ணீர். காலடியில் கிடந்த கல்லில் கிளிஞ்சல் பதிந்திருந்தது. "இங்க கடல் இருந்துச்சாம் சார், காலேஜ்லேருந்து வந்து எடுத்துட்டுப் போவாங்க" என்று நஜீர் அதை என் கையில் வைத்தார். எங்கள் ஊரில் கடல் இருக்கிறது, இப்படி ஒரு சுவர் இல்லை.

ஸ்டாண்டை ஊன்றினேன். வெயில் சாய்ந்து, கல் அடுக்குகளின் நிழல் நீள ஆரம்பித்தது. இன்னும் கால்மணி நேரத்தில் நான் இத்தனை வருஷம் எதிர்பார்த்த வெளிச்சம் வந்துவிடும். அப்போதுதான் நஜீர் கேட்டார்.

"சார், அக்கா ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு. அந்தக் கார்டை மச்சான் கடையிலயே கழுவிக்கலாம்ல?"

"எதுக்குக் கழுவணும்?"

"எடுத்துட்டுக் கேமராவுல படம் பாக்குற பட்டனை அமுக்கினா எல்லாம் கருப்பாத்தான் தெரிஞ்சுச்சாம். கழுவலைல, அதான்னு சொல்லுச்சு. வெளிச்சம் பட்டுடக் கூடாதுன்னு சன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திட்டுத்தான் எடுத்துச்சு. ஓட்டைக்கெல்லாம் துணி அடைச்சோம் சார். நான்தான் அடைச்சேன்."

அந்தப் பெண் ஒன்றும் தவறாகச் செய்யவில்லை. நான் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்திருக்கிறார். விறகு அறையில் நான் செய்ததைத்தான் அவர் தன் வீட்டில் செய்தார். பிளாஷையும் நானே அணைத்துக் கொடுத்திருந்தேன்.

"டவுன்ல பிரவுசிங் சென்டர் இருக்கு. போட்டுப் பார்த்துடலாமா? ஒண்ணு ரெண்டு தேறியிருக்கும்" என்றார் நஜீர். ஒரு நிமிஷம் யோசித்தேன். பிரவுசிங் சென்டரில் முதுகுக்குப் பின்னால் நாலு பேர் நிற்பார்கள். கறுப்பாகவே இருந்தாலும் அது சாகுல் வீட்டுக் கறுப்பு. அதை நான் பிரித்துப் பார்ப்பதாக இல்லை. மறுபடி எடுத்து, அடுத்து யாராவது கிளம்பும்போது கொடுத்தனுப்பலாம் என்றும் நஜீர் சொன்னார். அடுத்த ஆள் எப்போது கிளம்புவார் என்று அவருக்கும் தெரியவில்லை. அறையில் சாகுல் ஒவ்வொரு நாளும் காலண்டரைக் கிழித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

"பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன்.

"ரயிலு?"

"ரயில் போகட்டும்."

ஸ்டாண்டை மடக்கியபோது பள்ளத்தின் சுவர் முழுக்க மஞ்சளாக மாறியிருந்தது. ஒரு படமாவது எடுத்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அதை எடுத்தால் என் கை எனக்கே பிடிக்காமல் போயிருக்கும். வருத்தமாகத்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை.

நான்காம் நாள் காலை, கார்டு இருந்த கவரைப் பர்வீனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி திரைக்கு முன்னால் நின்றேன். "அண்ணே, எல்லாம் என் தப்புதான்" என்று உள்ளேயிருந்து வந்தது. "இல்லம்மா, நான் உளறுனது" என்றேன். இந்தக் கேமராவுக்கு வெளிச்சம் எமன் இல்லை, சோறு என்று சொன்னேன். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"காலை வெயில் எங்கே விழும்?"

"கொல்லையில, கெணத்தடிச் சுவத்துல."

நான் போய்ப் பார்த்தேன். வெள்ளையடித்த நீளச் சுவர், அதன்மேல் முழு வெயில். எதிரே கூரையின் நிழல். போதும், இதற்கு மேல் எந்த ஸ்டுடியோவும் வேண்டாம். வெயிலில் உட்கார வேண்டாம், சுவரைப் பார்த்தபடி நிழலில் உட்காருங்கள், சுவர் வாங்குகிற வெளிச்சத்தை முகத்துக்குக் கொடுத்துவிடும் என்றேன். பின்பக்கத் திரையைப் போடச் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு நாக்கு கொஞ்சம் கூசியது.

அவர்கள் கொல்லைக்கு வருவதற்குள் நான் விலகியிருக்க வேண்டும். ஆனால் ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும், நீங்கள் அங்கேயே இருங்கள் என்று ரஹிமா சொன்னார். அதனால் கூரை ஓரத்தில், கொல்லைக்கு முதுகைக் காட்டி, வீட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொலுசுச் சத்தம், சேலை உரசும் சத்தம், துவைக்கிற கல்மேல் கேமராவை வைக்கும் சத்தம் எல்லாம் கேட்டன.

"மூஞ்சி தெளிவாத் தெரியுதாம்மா?"

"தெரியுதண்ணே. ஆனா பர்வீனுக்கு ஒரு பக்கம் கொஞ்சம் இருட்டா இருக்கு."

"இருட்டுப் பக்கம் ஒரு வெள்ளைத் துணியப் பிடிக்கச் சொல்லுங்க."

நஜீரின் அம்மா தான் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டியை விரித்துப் பிடித்தாராம். "ம்ம், இப்ப சரியா இருக்கு" என்றார் ரஹிமா. வாழ்நாளெல்லாம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படமெடுத்தவன் ஒரு காரைச் சுவரையும் அதில் ஊர்ந்த எறும்பையும் பார்த்தபடி ஒரு முகத்துக்கு வெளிச்சம் வைத்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கின் பிரதிபலிப்பு ஜன்னல் கண்ணாடியில் விட்டு விட்டுத் தெரிந்தது. கொலுசு ஓடி வந்து நின்றது. கிளிக்.

"அண்ணே" என்று சிரிப்போடு குரல் வந்தது. "உங்க முதுவும் விழுந்திருக்கு."

அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கச் சொன்னேன். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. நஜீர் கடையிலிருந்து செல் கொண்டுவந்தார். ரிமோட்டுக்குப் போடுகிற சாதாரண செல். கேமரா ஒரு தடவை கண்ணைத் திறந்து மூடிக்கொண்டது. சென்னை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"இருக்கட்டும்ணே. இதுல பர்வீன் நல்லாச் சிரிச்சிருக்கா. நானும்" என்றார் ரஹிமா. அந்தக் கடைசிச் சொல்லை மெதுவாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கியது. சுவரைப் பார்த்து நின்றிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

ஷார்ஜாவில் கவரைக் கொடுத்ததும் சாகுல் அதை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் மதியம், லேபில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் மெஷினில் போட்டாராம். அறைக்கு வந்தவர் சட்டைப் பையைத் துழாவியபடி கட்டிலில் உட்கார்ந்தார். பிறகு ஒரு பிரிண்டை என்னிடம் நீட்டினார்.

"இது உங்க பங்கு சார்."

அரைப் படம்தான். ஒரு பக்கம் கத்தரியால் நேராக வெட்டியிருந்தது. வீட்டுச் சுவருக்கு முன்னால் ஒரு ஆள், முதுகைக் காட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். உச்சியில் முடி கொட்டியிருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்களை எடுத்தே பழகியவனுக்கு அந்தப் பயணத்தில் தனக்கென்று கிடைத்த ஒரே படம் அது. அடுத்த பாதி சாகுலின் பர்ஸில் இருக்கிறது. வெட்டிய ஓரத்தை ஒட்டி, விரலகலத்துக்கு ஒரு சேலைத் தலைப்பு மட்டும் காற்றில் பறந்து என் பக்கம் வந்துவிட்டிருந்தது.

"எம் பொண்டாட்டி மொவத்துக்கு நானே கலர் போட்டேன் சார்" என்றார் சாகுல். "மொவம் சட்டுன்னு வந்துடுச்சு. இந்த ஊதாவைப் பிடிக்கத்தான் ரொம்ப நேரம் ஆச்சு. நெறம் சரியா விழுந்திருக்கா, பார்த்துச் சொல்லுங்க."

படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.

"அச்சு அசல்" என்றேன். அந்தச் சேலையை நான் பார்த்ததே இல்லை.